வாயு மூலைக்கு ஒரு மூடி

மூடியை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏப்பம் வராத கைப்பிள்ளையின் முதுகைத் தட்டுகிற மாதிரி ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்ட வேண்டும், தட்டத் தட்ட அது இரண்டு பலகைக்கும் நடுவில் இருக்கிற சந்துக்குள் கழுத்தை நுழைத்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு இந்தப் பக்கம் ஒரு ஸ்க்ரூ, அந்தப் பக்கம் ஒரு ஸ்க்ரூ, அவ்வளவுதான் வேலை. மூடி ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, காப்பிப்பொடி நிறம், மேலே மரத்துக்கு ஓடுகிற மாதிரி வரி வரியாகப் போட்டிருக்கும். கன்னி மூலையில் மாட்டிவிட்டேன், அக்னி மூலையில் மாட்டிவிட்டேன், ஈசானி மூலையிலும் ஆயிற்று, இப்போது வாயு மூலையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருக்கிறேன், என் பெண் மகி என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி நடக்கிறாள். இந்தக் கடைசி மூடியும் உட்கார்ந்துவிட்டால் நாளைக் காலையில் சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கிற அறையின் சாவி என் கைக்கு வரும், அந்த அறைக்குக் கதவு உண்டு, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு, ஆனால் மூடி உட்கார மாட்டேன் என்கிறது, என் கையும் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

எங்கள் அடம்பங்குப்பத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் சவுக்குத் தோப்பு இருந்த இடத்தில்தான் இந்த ரிசார்ட்டைக் கட்டினார்கள், நடுவில் நீச்சல் குளம், குளத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டில் அகலத்துக்கு டெக் என்கிற பலகைத் தளம். டெக்குக்கு வந்த பலகை லாரியிலிருந்து இறங்கியபோதே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது, ஏனென்றால் அது மரமும் இல்லை, மரம் இல்லாமலும் இல்லை, எங்கெங்கோ அறுத்த மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து அரைத்துப் பலகையாக வார்த்தது. புது வீட்டில் மரவேலை முடிந்தால் எங்கள் பக்கம் ஆசாரி தச்சுக் கழிப்பார், பூசணிக்காய் வெட்டி, வெட்டுப்பட்ட மரத்தைச் சமாதானம் பண்ணி, இனிமேல் நீ மரமில்லை, கதவு, நிலை, இங்கேயே நில்லு என்று சொல்லிவிட்டுத்தான் கூலி வாங்குவார். சமையல்கட்டுக்கு மீன் கொண்டுவந்த தாயாரம்மா, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஆசாரியிடம் கேட்டாள்.

"இன்னா ஏகாம்பரம், பூசணிக்காயக் காணோம்? தச்சுக் கழிக்காமலே மூட்ட கட்டிட்ட?"

"மரத்துக்குத்தான் கழிப்பாங்க. இது மாவு. மாவுக்கு எவனாவது கழிப்பானா? அப்புறம் நீ ஊத்தற இட்லிக்கும் நான் வந்து கழிக்கணும்."

"ஏன், என் இட்லி எழுந்தா ஓடுது?"

"அத உன் வூட்டுக்காரரத்தான் கேக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள், கூட்டுகிற வேலையில் இருந்த நானும் துடைப்பத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன், ஆசாரி சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

மறுநாள் வெயில் ஏறியதும் டெக் எழுந்து போய்விட்டது.

ஒரே பக்கமாகப் போயிருந்தால் இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம், பக்கத்துக்கு ஒரு திசையாகப் போயிற்று. கால் தெரியாமல் புடவை கட்டின பொம்பளை நடக்கிற மாதிரி, அவசரமே இல்லாமல், கிழக்குப் பக்கம் மணலில் இறங்கிக் கடலுக்குப் போயிற்று, மேற்குப் பக்கம் தார் ரோட்டுக்குப் போயிற்று, வடக்குப் பக்கம் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது, தெற்குப் பக்கம் மட்டும் போகவும் தெரியாமல் இருக்கவும் தெரியாமல் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. கிழக்குப் பக்கத்துப் பலகையில் படகு மரத்தின் தூள் கலந்திருக்கும் என்று அண்ணன் சொன்னான், வெயில் பட்டால் அதில் எண்ணெய் பூசின படகு வாசனை வருகிறது என்றான். மேற்குப் பக்கத்தில் வண்டிச் சக்கரம் இருக்கும், வடக்கில் யார் வீட்டுக் கதவோ கட்டிலோ இருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தெற்கில் என்ன மரம் இருக்கிறது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரத்துக்கு நாலும் மேய்ச்சலுக்குப் போன மாடு மாதிரி திரும்பி வந்து குளத்தைச் சுற்றி நின்றுகொண்டன, என்ன, சரியாக ஒட்டி நிற்கத் தெரியவில்லை, மூலைக்கு மூலை விரல் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டு நின்றன.

ஊர் என்றால் எதையும் ஏதாவது ஒன்றுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள், அதற்கப்புறம் வடக்குப் பக்கம் எப்போது வரும் என்று தெரு வாசலில் காத்திருக்க ஆரம்பித்தார்கள், வந்ததும் பெண்கள் அதன் மேல் கோலம் போட்டார்கள், தாயாரம்மா கருவாடு காயவைத்தாள், உச்சிவேளையில் சூடு தாங்கவில்லை, உட்கார்ந்தால் பின்பக்கம் பொரிந்துவிடுகிறது என்று பலகையையே திட்டிவிட்டு அடுத்த நாள் சாக்கு கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். மேற்குப் பக்கம் ரோட்டோரத்தில் போய் நின்றதால் இத்தனை வருஷமாக நிழற்குடையோ பெஞ்சோ இல்லாத எங்கள் பஸ் ஸ்டாப்புக்கு உட்கார ஒரு இடம் கிடைத்தது, அதைப் பார்த்து டிரைவர்கள் நிறுத்தவும் பழகிக்கொண்டார்கள். கிழக்குப் பக்கம் அலை அடிக்கிற இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும், படகிலிருந்து இறங்குகிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நடக்காமல் அதன் மேல் கால் வைத்து வந்தார்கள். யாரோ ஒருவர் கயிறு கட்டிப் பிடித்துப் பார்த்தார், கயிறும் அதோடு கடலுக்குப் போயிற்று. வேறொருவர் அதற்குக் குங்குமம் வைத்தார். எந்தப் பக்கம் யாருக்குச் சொந்தம் என்று ஒரு சண்டை வந்து, சாயங்காலம் அவையே திரும்பிப் போய்விடுவதால் சண்டையும் அன்றன்றைக்கு முடிந்துபோயிற்று. மகி எங்கேயும் போகாத தெற்குப் பக்கத்தில்தான் நடக்கப் பழகினாள், நடுங்குகிற பலகை அவள் காலைத் தானே தூக்கி வைத்தது.

எனக்குத்தான் வேலை அதிகமாயிற்று. சாயங்காலம் திரும்பி வருகிறபோது கிழக்கில் நண்டும் பாசியும் இருக்கும், மேற்கில் வேர்க்கடலைத் தொலியும் பஸ் டிக்கெட்டும் இருக்கும், வடக்கில் கோலமும் கோழி எச்சமும் இருக்கும், அத்தனையும் கூட்டித் துடைக்க வேண்டும். மேனேஜர் பெனடிக்ட் சார் நல்ல மனுஷர், ஆனால் பயந்தவர், சென்னையில் இருக்கிற ஓனரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போனில், "வெயிலுக்கு விரியுது சார், மூலையில மட்டும் லேசா சந்து தெரியுது சார்" என்று சொல்லிவிட்டார். சந்து தெரிந்தால் மூடுவதற்கு ஓனர் ஒரு பெட்டியில் மூலை மூடி வாங்கி அனுப்பிவிட்டார், திறப்பு விழாவுக்கும் நாள் குறித்துவிட்டார்.

"அமுலு, உனக்குத்தாம்மா சின்ன விரல், நீயே மாட்டிடு" என்று பெனடிக்ட் சார் என்னைக் கூப்பிட்டு டிரில்லைக் கையில் கொடுத்தார், கொடுத்துவிட்டு, "விழாவுக்கு முன்னாடி நாலு மூலையும் மூடிட்டீன்னா உன்ன பர்மனென்ட் பண்ணிடறேன், பின்கட்டு ரூம் உனக்கும் பாப்பாவுக்கும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பேச வராது.

அந்த அறை எனக்கு எதற்கு என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் லாரியில் வேலை பார்க்கிறார், ஒரு ஊரில் துளை போட்டு முடித்தால் அடுத்த ஊர், போன் வந்தால் முதல் கேள்வி இப்போ எந்த ஊர் என்பதுதான், லாரி நிற்கிற இடம்தான் அவருக்கு வீடு. நானும் மகியும் அண்ணன் வீட்டில் இருக்கிறோம், அது ஒரே அறை. அண்ணி கஸ்தூரி என்னை ஒரு வார்த்தை சொன்னவள் இல்லை, ஆனால் வயிறு பெரிதாகப் பெரிதாக வீடு சின்னதாகிக்கொண்டே வந்தது, என் துணிப்பையை இன்றைக்கு இந்த மூலையில் வைப்பாள், நாளைக்கு அந்த மூலையில் வைப்பாள், வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிப்பாள். அவளுக்குத் தாய் இல்லை, தலைப்பிரசவத்துக்குப் போய் உட்கார ஒரு வீடு இல்லை, எனக்குத் தாய்வீடு என்று இருப்பதும் அவள் வீடுதான். பிள்ளை வந்துவிட்டால் தொட்டில் கட்ட வேண்டும், தொட்டில் ஆடுகிற தூரத்துக்குள் நாங்கள் இரண்டு பேர் படுத்திருந்தோம்.

பிறந்த பிள்ளைக்கு யார் முதலில் சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் வரும் என்பார்கள், அதைப் பற்றி ஒரு நாள் பேச்சு வந்தது. "உன்ன வைக்கச் சொன்னா புள்ள வாயே தெறக்காது, தாயாரம்மா சின்னம்மாவ வைக்கச் சொன்னா வாயே மூடாது, நான் யாரத்தான் கூப்பிடறது?" என்று அண்ணி சிரித்தாள். கதவோரம் உட்கார்ந்திருந்த தாயாரம்மா, "வாயி இருந்தாத்தாண்டி கூடையில மீனு விக்கும். என்னையே கூப்புடு" என்றாள்.

தெற்கும் மேற்கும் சேருகிற கன்னி மூலையில்தான் முதலில் மூடி வைத்தேன், இரண்டு பக்கமும் இறுக்கி ஸ்க்ரூ போட்டேன். மறுநாள் மேற்குப் பக்கம் ரோட்டுக்குக் கிளம்பிப் பார்த்தது, முடியவில்லை, தெற்கோடு சேர்ந்து நின்று நடுங்கியது. அக்னி மூலையில் வைத்ததும் கிழக்கு நின்றது. ஈசானி மூலையில் வைத்ததும் வடக்கும் நின்றது. பெனடிக்ட் சார் கைகூப்பி சாமி கும்பிட்டார். எனக்கும் சந்தோஷம்தான், டெக்கை ஓட விடாமல் நிறுத்திவிட்டேன், நானும் ஒரு இடத்தில் நின்றுவிடலாம் என்று நினைத்தேன்.

ஆனால் டெக்கை விட்டுப் போன நடை வேறெங்கும் போகாமல் தரை வழியாக ஊருக்குள் போய்விட்டது.

நின்றவர்களால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தவர்களால் உட்கார முடியவில்லை. வலை பின்னுகிறவர்கள் ஒரு முழம் பின்னிவிட்டு எழுந்து போய், திரும்பி வந்து பின்னினதைப் பிரித்தார்கள். பூனைகள் குட்டியைக் கவ்விக்கொண்டு வீடு வீடாக மாற்றின. பஸ் நிற்காமல் போனது, நின்றாலும் ஏறப்போனவர்கள் எங்கே போக வந்தோம் என்று மறந்து அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்கள். அண்ணன் படகைத் தள்ளிக்கொண்டு போவான், பாதியில் திரும்பி வந்து மறுபடி தள்ளுவான். பெண்கள் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார்கள், எந்த ஊருக்கு என்று கேட்டால் தெரியாது என்றார்கள், வைத்ததை வெளியே எடுத்துத் திரும்பவும் மடித்தார்கள். மகிக்கு உட்கார்ந்தால் அழுகை, தூக்கினால் அழுகை, நடந்தால்தான் சும்மா இருப்பாள். எல்லாருக்கும் இது எதனால் என்று தெரியும், ஆனால் ஒருத்தரும் என்னிடம் வந்து கேட்கவில்லை, தெருவில் என்னைப் பார்த்தால், "மூணு மூல ஆயிடுச்சாமே, இன்னும் ஒண்ணுதானா, சீக்கிரம் முடி" என்று மட்டும் சொல்லிக்கொண்டே நிற்காமல் நடந்து போனார்கள்.

குழாயடியில் தாயாரம்மாவின் குரல்தான் என் காதில் விழுந்தது. யாரோ, போய் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லி மூடியக் கழட்டச் சொன்னா என்ன என்று கேட்டிருப்பார்கள் போல.

"சொல்லுவியா நீ? நாக்க அறுத்துடுவேன். புருஷன் ஊர் ஊராத் தண்ணி தேடிகினு கீறான், இது கைப்புள்ளையத் தூக்கினு மூல மூலையா நிக்குது. அதுக்கு ஒரு கதவு கெடைக்குதுன்னா நாம நாலு நாளு நடந்துகினு கெடந்தா செத்தா பூடுவோம்? நடங்கடி, ஒடம்புக்கு நல்லது."

நான் குடத்தை நிரப்பாமல் திரும்பி வந்துவிட்டேன். எனக்கு நன்றியும் வந்தது, கோபமும் வந்தது, யார் மேல் கோபம் என்று தெரியவில்லை.

அண்ணிக்கு நாள் தாண்டிவிட்டது. இன்றைக்கு விடிகாலையிலிருந்து வலி வருகிறது, வந்து பாதியில் திரும்பிப் போகிறது, வருகிறது, போகிறது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம், நர்சம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் வலி பத்தலம்மா, வீட்டுக்குப் போய் நல்லா நடங்க, வலி கூடினா உடனே போன் பண்ணுங்க" என்றார். நடங்க என்று எங்களுக்கா சொல்ல வேண்டும். அண்ணி நடந்தாள், வாசலுக்கும் அடுப்புக்கும் நடுவில் நடந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், சாயங்காலம் நான் கிளம்பும்போது உதட்டில் ரத்தம் இல்லை. "நீ போய் வேலய முடி அமுலு, நாளைக்கு உன் ரூம்ல வந்து நான் படுத்துக்கறேன், இங்க கால் நீட்ட முடியல" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், வலி வந்து சிரிப்பைப் பாதியில் வாங்கிக்கொண்டது.

அதனால்தான் வாயு மூலையில் வேலை முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். சுத்தியலால் தட்டுகிறேன், மூடி ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் எழும்புகிறது. அப்போதுதான் தாயாரம்மா வந்தாள், ஓடி வரவில்லை, வேகமாக நடந்து வந்தாள், கூடை இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை, இரண்டு கையும் வெறுங்கையாகத் தொங்கின.

"அண்ணி எப்படி இருக்காங்க சின்னம்மா?" என்றேன்.

"அப்படியேதான். போன் பண்ணியாச்சி, வண்டி வரணும்." வெறுங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "பொட்டியெல்லாம் தெறந்து வெச்சிட்டேன். அரிசி டப்பா, பீரோ, கதவு, தாப்பா, எல்லாத்தையும் தெறந்தாச்சி. அவ தலமுடியும் அவுத்து வுட்டாச்சி. உன் அண்ணன் லுங்கி முடிச்சக்கூட அவுத்துக் கட்டச் சொல்லிட்டேன். புள்ள வர வழியில எதுவும் மூடிகினு இருக்கக் கூடாதில்ல."

என் கையைப் பார்த்தாள், கையில் இருக்கிற மூடியைப் பார்த்தாள், பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான் எதையும் பாக்கலடி. நீ உன் வேலயப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்து போனாள்.

டிரில்லில் கட்டைவிரல் படுகிற இடத்தில் ஒரு சின்ன பொத்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் தள்ளினால் இறுக்கும், இந்தப் பக்கம் தள்ளினால் கழட்டும். வாயு மூலை மூடியைக் கீழே வைத்தேன். மகியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஈசானி மூலைக்குப் போனேன், பொத்தானை இந்தப் பக்கம் தள்ளினேன். இரண்டாவது ஸ்க்ரூ வெளியே வரும் முன்னாலேயே மூடி தானாகத் தெறித்துக் குளத்தில் விழுந்தது, வடக்குப் பக்கம் கட்டவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி, விளக்கு வைக்கிற நேரம் என்றுகூடப் பார்க்காமல், தாயாரம்மா போன வழியிலேயே தெருவைப் பார்த்து ஓடியது.

சத்தம் கேட்டு பெனடிக்ட் சார் வந்தார். அவரும் நாலு நாளாகத் தூங்கவில்லை, சட்டைப் பையில் சாவி தெரிந்தது, அட்டையில் நூல் கட்டி, இங்கிலீஷில் என் பேர் எழுதியிருந்தது.

"ஏம்மா, என்னம்மா பண்ற?"

"கழட்டறேன் சார்."

"நாளைக்கு ஓனர் வர்றாரும்மா!"

"தெரியும் சார்" என்றேன், அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன், சொன்ன பிறகு என் குரல் இவ்வளவு பெரிதா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. "அண்ணிக்குப் புள்ள வரணும் சார். வர வழியில எதுவும் மூடியிருக்கக் கூடாது."

அவர் சாவியைத் தொட்டுப் பார்த்தார், வெளியே எடுக்கவும் இல்லை, உள்ளே தள்ளவும் இல்லை, குளத்தை ஒரு சுற்று நடந்தார், இன்னொரு சுற்று நடந்தார், பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சார், வெயில் தாழ்ந்தும் விரியுது சார், ஆமா சார், ரொம்ப விரியுது சார்" என்று பேசிக்கொண்டே மூன்றாவது சுற்றுக்குக் கிளம்பினார். நான் அக்னி மூலைக்குப் போனேன், கிழக்குப் பக்கம் மணலில் இறங்குகிற சத்தம் கேட்டது, சர்ரென்று, வெகு நாள் கழித்துத் தண்ணீர் குடிக்கிற சத்தம் மாதிரி.

இப்போது கன்னி மூலையில் இருக்கிறேன், முதலில் மூடினது இதைத்தான், கடைசியில் திறப்பதும் இதுதான், ஒரு ஸ்க்ரூ வந்துவிட்டது, இன்னொன்றில் டிரில்லை வைத்திருக்கிறேன், மேற்குப் பக்கம் என் முழங்காலுக்குக் கீழே மூச்சு வாங்குகிறது, தெற்குப் பக்கத்தின் நடுக்கம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை, மகி அதன் மேல் முதல் தடவையாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், இந்த ஸ்க்ரூவும் வந்துவிட்டால் அந்தத் தாழ்ப்பாள் எனக்கு உண்டா இல்லையா, நாளைக்கு நாங்கள் எந்த மூலையில் படுப்போம் என்று கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், யோசிக்கலாம் என்று பார்த்தால் தெருமுனையைத் தாண்டி வடக்குப் பக்கம் திரும்பி வருகிறது, அதன் மேல் தாயாரம்மா நின்றுகொண்டே வருகிறாள், புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகியிருக்கிறாள், இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டுகிறாள், "அத்தக்காரி! ஏ அத்தக்காரி, எங்கடி கீற? புள்ள பொறந்துடுச்சி, நர்சம்மா வந்துட்டாங்க, வண்டி நிக்குது, நீதான் வந்து சர்க்கரத் தண்ணி தொட்டு வைக்கணுமாம், உன் அண்ணி வேற ஆரையும் கிட்ட வுட மாட்டேங்கறா, வாடி!" என்று கூப்பிடுகிறாள், நான் இந்த ஒரு ஸ்க்ரூவை மட்டும்